இரண்டு வார்டுகளின் கணக்கு

புள்ளியியல் பாடம் என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வரும். சராசரி, இடைநிலை, வீச்சு என்று பரீட்சைக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே மறந்துவிடுவோம். ஆனால் இரண்டு வரிசை எண்களை அருகருகே வைத்துப் பார்த்து, தாய்மாரைச் சாவிலிருந்து மீட்ட டாக்டர் ஒருவர் இருந்தார். அவர்தாம் இக்னாஸ் செம்மல்வைஸ்.

ஹங்கேரி நாட்டின் புடா நகரில் 1818-ம் ஆண்டு ஜூலை 1-ம் நாள், ஒரு மளிகை வியாபாரியின் மகனாகப் பிறந்தார். சட்டம் படிக்க வியன்னாவுக்குப் போனவர் மருத்துவத்துக்கு மாறினார். 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவ வார்டில் உதவி டாக்டராக அமர்ந்தார்.

அங்கே பிரசவ வார்டுகள் இரண்டு. முதலாவதில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். ஒரு நாள் வரும் கர்ப்பிணிகளை ஒரு வார்டிலும் மறுநாள் வருகிறவர்களை மற்றதிலும் சேர்ப்பது வழக்கம். முதல் வார்டு என்று தெரிந்ததும் ஏழைப் பெண்கள் முழங்காலில் விழுந்து, தங்களை இரண்டாவதில் சேர்க்கும்படி கெஞ்சுவார்களாம். பிரசவ ஜன்னி அங்கே அவ்வளவு கொடுமை!

செம்மல்வைஸ் பதிவேடுகளைப் புரட்டினார். 1841 முதல் 1846 வரை முதல் வார்டில் நூற்றுக்கு 7.8, 15.8, 9.0, 8.2, 6.9, 11.4 என்று தாய்மார் இறந்திருந்தார்கள். இரண்டாவதில் 3.5, 7.6, 6.0, 2.3, 2.0, 2.8. இவற்றைச் சிறியது முதல் பெரியது வரை அடுக்கிப் பாருங்கள். முதல் வார்டின் இடைநிலை 8.6, மற்றதன் இடைநிலை ஏறக்குறைய 3.2. இரண்டின் வீச்சும் ஒன்றையொன்று சற்றே தொடுகின்றன. இரண்டாம் வார்டின் மிக மோசமான 7.6, முதல் வார்டின் மிக நல்ல 6.9-ஐவிட அதிகம். அவசரக்காரர் இதைக் காட்டி, பெரிய வேற்றுமை இல்லை என்று வாதாடலாம். ஆனால் அந்த 7.6 வந்தது 1842-ல். அந்த ஆண்டில் முதல் வார்டின் கணக்கு 15.8. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால் ஆறு முறையும் முதல் வார்டே தோற்றது. மொத்தத்தில் அங்கே 20,042 பேரில் 1,989 பேர் மாண்டார்கள். மற்றதில் 17,791 பேரில் 691 பேர்.

கெட்ட காற்று என்றார்கள் பெரிய டாக்டர்கள். ஒரே கட்டிடத்தில், ஒரே ஊரில், காற்று ஒரு வார்டை மட்டும் தேடிப் போகுமா? நெரிசலோ இரண்டாவதில்தான் அதிகம். முதல் வார்டில் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வரும் குருவானவர், மணியோசையுடன் பல அறைகளைக் கடந்து போக வேண்டியிருந்தது. அந்த ஓசை தாய்மாரைக் கிலி கொள்ளச் செய்கிறதோ என்றெண்ணி, மணியில்லாமல் வேறு வழியாக வரும்படி அவரை வேண்டிக்கொண்டார். அவரும் அப்படியே செய்தார். சாவு குறையவில்லை. பாவம், குருவானவர் மீது பழி இல்லை என்பதாவது தெளிந்தது!

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடலில் கண்ட அடையாளங்கள் ஜன்னியில் இறந்த தாய்மாரின் உடலில் கண்டவையே. செம்மல்வைஸுக்குப் பளிச்சென்று விளங்கிற்று. மாணவர்களும் டாக்டர்களும், அவரும் கூட, பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை.

அந்த மே மாதம், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கை கழுவாமல் யாரும் தாய்மாரைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18.3 ஆக இருந்த சாவு, ஜூலையில் 1.2 ஆயிற்று. 1848-ல் முதல் வார்டில் 3,556 பேரில் 45 பேரும் இரண்டாவதில் 3,219 பேரில் 43 பேரும் இறந்தார்கள். இரண்டு வார்டும் ஒன்றாகிவிட்டன.

ஆனாலும் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. தங்கள் கைகளே கொன்றன என்று கேட்க எந்த டாக்டருக்கு மனம் வரும்? கிருமிகளைப் பற்றிய அறிவும் அன்று பரவவில்லை. அவர் மீதும் குறையுண்டு. தம் கணக்கை விரிவான நூலாக வெளியிடப் பத்தாண்டுக்கு மேல் தாமதித்தார். பிறகு, மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று ஏசிக் கடிதங்கள் எழுதினார். 1850-ல் வியன்னாவை விட்டு ஹங்கேரிக்குத் திரும்பி, பெஸ்ட் நகரில் புனித ரோக்கு மருத்துவமனையின் பிரசவப் பகுதியை ஏற்றார். 1851 முதல் 1855 வரை அங்கே 933 பிரசவங்கள். ஜன்னியால் இறந்தவர்கள் எட்டே பேர்.

வரவர அவர் மனம் கலங்கியது. 1865 ஜூலை இறுதியில் வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில் அவரை அடைத்தார்கள். காவலர்கள் அடித்ததாகச் சொல்லப்படுகிறது. காயத்தில் விஷம் ஏறி, ஆகஸ்ட் 13 அன்று, 47-ம் வயதில் இறந்தார். அதற்கு முந்தின நாள்தான் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் என்ற டாக்டர், கால் எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் புண்ணில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார்.