சித்திரக்காரர் சார்லஸ் ஷுல்ட்ஸ்

சார்லி பிரௌன் என்னும் வட்டத்தலைச் சிறுவனையும், ஸ்நூப்பி என்னும் அவனது நாயையும் நம்மில் அநேகர் படங்களில் கண்டிருப்பர். இவர்களைப் படைத்த சார்லஸ் ஷுல்ட்ஸ் என்பவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மினஸோட்டா மாகாணத்து மினியாபொலிஸ் நகரில் 1922-ம் வருஷம் நவம்பர் மாதம் 26-ந் தேதி பிறந்தார். இவருடைய தந்தை ஜெர்மனி தேசத்தினின்றும் வந்தவர். அண்டை நகராகிய செயின்ட் பாலில் க்ஷவரக் கடை வைத்து ஜீவனம் நடத்தியவர். தாயார் நார்வே வம்சத்தவர். குழந்தை பிறந்த சில தினங்களுக்குள், அக்காலத்துப் பத்திரிகைச் சித்திரத் தொடர் ஒன்றில் வந்த குதிரையின் பெயரைத் தழுவி, ஸ்பார்க்கி என்று செல்லப்பெயர் இட்டனர். சித்திரத் தொடரோடு அவருக்கு ஏற்பட்ட உறவு அன்றே தொடங்கிற்று எனலாம்.

பள்ளிப் பருவம் அவருக்கு இனிதாயிருக்கவில்லை. வகுப்பில் ஏனையோரினும் வயதிற் சிறியவர், கூச்சமுள்ளவர், பாடங்களிலும் தோல்வியுற்றவர். உயர்தரப் பாடசாலையின் ஆண்டு மலருக்கென்று அவர் வரைந்து கொடுத்த படங்களை அதன் ஆசிரியர்கள் வெளியிடாது விட்டனர். (ஆண்டு மலர்களின் ஆசிரியராயிருப்போர் இதனைச் சற்றே நினைவிற் கொள்வாராக.) பின்னர்த் தபால் மூலம் சித்திரக் கலை பயின்றார். அதற்குரிய பணத்தைத் தந்தை தம் சொற்ப வருமானத்தினின்றும் கட்டினார். பிற்காலத்தில் குழந்தைகளை வரைந்தே உலகப் புகழ் பெற்ற இவர், அப்பயிற்சியில் குழந்தைகளை வரையும் பகுதியில் பெற்றது நடுத்தர மதிப்பெண்ணே!

1943-ம் வருஷம் இவர் இராணுவத்திற்கு அழைக்கப்பட்டார். அச்சமயம் தாயார் புற்றுநோயால் படுத்த படுக்கையாயிருந்தார். விடுமுறையில் வீடு வந்திருந்த மைந்தனிடம் அவர் கட்டிலிற் கிடந்தபடியே விடை பெற்றுக்கொண்டார். சிறிது பொழுதில் உயிர் நீத்தார். அடக்கம் முடிந்து சில நாட்களுக்கெல்லாம் படை ரயில் புறப்பட்டுவிட்டது. இனி ஒரு நாய் வளர்ப்போமாயின் அதற்கு ஸ்நூப்பி என்று பெயரிட வேண்டும் என அவ்வன்னையார் கூறியிருந்தாராம். அப்பெயரை மகன் மறக்கவில்லை.

யுத்தம் முடிந்து திரும்பியபின், தாம் பயின்ற தபால் கலாசாலையிலேயே உபாத்தியாயராக அமர்ந்தார். ஓய்வு நேரங்களில் சிறுவர்களைப் பற்றிய படங்களை வரைந்து செயின்ட் பால் பத்திரிகையொன்றிற்கு அளித்து வந்தார். 1950-ம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ந் தேதி ஏழு பத்திரிகைகளில் அவரது தினசரித் தொடர் ஆரம்பமாயிற்று. ‘பீனட்ஸ்’ என்ற பெயரைச் சூட்டியவர்கள் அதனை விநியோகித்த ஸ்தாபனத்தாரே. நிலக்கடலை என்று பொருள்படும் அப்பெயர் இறுதிவரை அவருக்குப் பிடிக்கவேயில்லை. தொடரோ நாளடைவில் ஓங்கி வளர்ந்தது. அதிற் பெரியவர் ஒருவரும் தோன்றார். சிறுவர்களே பெரியோரின் கவலைகளையெல்லாம் சுமந்து திரிவர். சார்லி பிரௌன் எதிலும் வெற்றி பெறுவதில்லை. ஆயினும் மறுநாள் மீண்டும் முயல்வான். அவனுடைய தந்தையும் க்ஷவரத் தொழிலாளியே.

1965-ம் வருஷத்தில் கோக்க கோலா கம்பெனியார், சார்லி பிரௌனை வைத்துக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குத் தொலைக்காட்சிப் படம் ஒன்று செய்து தர இயலுமா என்று தயாரிப்பாளர் லீ மெண்டல்ஸனை வினவினர். ஷுல்ட்ஸும், மெண்டல்ஸனும், மெக்ஸிக்கோவிற் பிறந்தவராகிய பில் மெலெண்டெஸ் என்னும் டைரக்டரும் ஒரே நாளில் கதையின் அமைப்பை வகுத்துவிட்டனர். அரைமணி நேரத்திற்குட்பட்ட அப்படத்தை முடிப்பதற்குக் கிடைத்த அவகாசம் ஆறு மாதம்.

காண்போர் சிரிக்க வேண்டிய இடங்களில் முன்னரே பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்ப்பது அக்காலத்து வழக்கம். மெண்டல்ஸன் அதனைப் பிரேரேபித்தபோது ஷுல்ட்ஸ் மறு வார்த்தையின்றி எழுந்து வெளியே போய்விட்டார் என்பர். சிரிப்பொலி சேரவில்லை. சிறுவர்களின் குரல்களுக்குச் சிறுவர்களையே அமர்த்தினர். அவர்களில் வாசிக்கப் பழகாத ஒரு சிறுமிக்கு வசனத்தைச் சிறிது சிறிதாகச் சொல்லிக் கொடுத்துப் பதிவு செய்ய நேர்ந்தது. வின்ஸ் குவரால்டி என்பவர் ஜாஸ் சங்கீதம் அமைத்தார். உறைந்த குளத்தின்மீது சிறுவர்கள் சறுக்கி விளையாடுகையில் ஒலிக்கும் அந்த இசையில் குதூகலமும் ஏக்கமும் கலந்திருக்கும். இப்படத்தில் இவ்வெழுத்தாளனுக்கு மிக விருப்பமான காட்சிகளுள் அது ஒன்று.

ஆயினும் பெரிய வாதம் வேதாகமத்தைப் பற்றியே எழுந்தது. கதையில் சார்லி பிரௌன் பண்டிகைக் காலத்தில் மனம் சோர்கிறான். லூஸி என்னும் சிறுமி ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு அவனுக்கு மனோவைத்தியம் செய்கிறாள். அவன் தங்கையோ கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதி ரொக்கமாகவே கேட்கிறாள். ஸ்நூப்பிகூடப் பரிசை நாடித் தன் வீட்டை விளக்குகளால் அலங்கரிக்கிறது. நாடகத்திற்கு மரம் வாங்கச் சென்ற சார்லி பிரௌன், பளபளக்கும் அலுமினிய மரங்களை விட்டு வாடிய சிறு மரமொன்றைக் கொண்டுவர, எல்லோரும் நகைக்கின்றனர். பண்டிகையின் பொருளை அறிந்தவர் எவரேனும் உண்டா என்று அவன் கதறுகிறான். அப்பொழுது லைனஸ் என்னும் சிறுவன் மேடையின் நடுவே சென்று, விளக்கொளியில் தனியே நின்று, லூக்கா சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் தோன்றிய பகுதியை ஒப்புவிக்கிறான்.

இதனைத் தொலைக்காட்சியிற் சேர்ப்பது தகாதென்று மெலெண்டெஸும் மெண்டல்ஸனும் அஞ்சினர். சித்திரப் படத்தில் வேத வசனத்தை அவ்வளவு நேரம் கேட்க யார் பொறுப்பர் என்பது அவர்கள் எண்ணம். ஷுல்ட்ஸ் இணங்கவில்லை. தாங்கள் செய்யாவிடில் வேறெவர் செய்வார் என்பதே அவருடைய விடை. பிறர் தள்ளியதையெல்லாம் இளமையில் மௌனமாய்ச் சகித்த மனிதர் இவ்விடத்தில் அசையாது நின்றார்.

அக்காட்சியில் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. லைனஸ் ஓயாமற் போர்வையொன்றைக் கையிற் பற்றிக்கொண்டிருப்பவன். அதை விட்டால் அவனுக்குத் திகில். தேவதூதன் மேய்ப்பர்களின் அச்சத்தை நீக்கும் சொல்லை உரைக்குமிடத்தில் அவன் கையினின்றும் போர்வை நழுவி விழுகிறது. படம் எதனையும் விளக்குவதில்லை. வசனம் தொடர்ந்து செல்கிறது. இறுதியில் அவ்வாடிய மரத்தின் அடியைச் சுற்றிக் கட்ட அதே போர்வையை அவன் தானாகவே ஈகிறான். சிறுவர் யாவரும் கூடி அம்மரத்தை அலங்கரித்துப் பாடுகின்றனர்.

படத்தை முன்னதாகப் பார்த்த ஸி. பி. எஸ். அதிகாரிகளின் முகம் சுளித்தது. ஓட்டம் மந்தமென்றும் இசை பொருந்தாதென்றும் குறை கூறினர். விளம்பரம் வெளியாகிவிட்டமையாலேயே டிசம்பர் மாதம் 9-ந் தேதி இரவு அதனை ஒளிபரப்பினர். அன்று தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க வீடுகளில் ஏறக்குறையப் பாதி இப்படத்தையே கண்டன. மறுவருஷம் எம்மி பரிசும் பீபடி பரிசும் கிட்டின.

ஷுல்ட்ஸ் அக்காலத்தில் கலிபோர்னியாவில் ஸெபாஸ்டபோல் என்னும் ஊரிலிருந்த மெதடிஸ்ட் ஆலயத்தில் வேதபாட வகுப்பு நடத்தி வந்தார். பிற்காலத்தில் ஆலயத்திற்குச் செல்லும் வழக்கம் அவரை விட்டு நீங்கியது. வேலையோ ஒருபோதும் நீங்கவில்லை. 1969-ம் வருஷம் அப்பாலோ 10 விண்கலத்தின் இரு பகுதிகளுக்கும் சார்லி பிரௌன், ஸ்நூப்பி என்று பெயரிடும் அளவிற்குப் புகழ் உயர்ந்தபோதும், தொடரின் ஒவ்வொரு கோட்டையும் தாமே வரைந்தார், உதவியாளரை அமர்த்தவில்லை. முதுமையிற் கை நடுங்கிக் கோடுகள் நெளிந்தன; அந்நெளிவோடேயே வெளியிட்டார். மொத்தத்தில் அவர் வரைந்தவை 17,897.

1999-ம் வருஷ இறுதியில் புற்றுநோய் கண்டு, ஓய்வு பெறுவதாக அறிவித்தார். தமக்குப் பின் எவரும் தொடரை வரையலாகாதென்பது அவர் விருப்பம். 2000-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 12-ந் தேதி சனிக்கிழமை இரவு, ஸாண்டா ரோஸா நகரில் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே மரித்தார். வயது 77. முன்னரே அச்சாகியிருந்த கடைசி ஞாயிற்றுக்கிழமைச் சித்திரம் மறுநாட் காலை பத்திரிகைகளில் வந்தது. அதில் ஸ்நூப்பி தட்டெழுத்து யந்திரத்தின் முன் அமர்ந்திருக்க, வாசகரிடம் விடைபெறும் கடிதம் ஷுல்ட்ஸின் கையொப்பத்தோடு காணப்பட்டது.