புத்தகங்களுக்கு முகவரி கொடுத்தவர்



உங்கள் வீட்டுப் பத்தாயத்தில் குறுவை நெல், சம்பா நெல், விதைநெல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டதாக நினைத்துக் கொள்ளுங்கள். விதைக்கும் நாள் வந்ததும், விதைநெல்லை மட்டும் எடுத்து வா என்று அப்பா சொல்கிறார். என்ன செய்வீர்கள்? நெல் உள்ளேதான் இருக்கிறது. ஆனால், இல்லாதது போலத்தான்!

புத்தகமும் அப்படித்தான். லட்சம் புத்தகங்கள் உள்ள நூலகத்தில் ஒரு புத்தகம் தப்பான அலமாரியில் இருந்தால், அது தொலைந்து போனதற்குச் சமம். அப்படி ஒரு புத்தகமும் தொலையக்கூடாது என்பதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் நம் காவிரிக் கரைச் சீமையில் பிறந்தார். அவர்தான் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

பெயரில் உள்ள 'எஸ்' என்பது அவருடைய ஊர். சீர்காழியை அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் 'ஷியாலி' என்று எழுதுவார்கள். 'ஆர்' என்பது அப்பா ராமாமிர்தம். 1892ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ரங்கநாதன் பிறந்தபோது சீர்காழி, தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு நிலபுலன் உண்டு. ஊர் மக்களுக்கு ராமாயணம் சொல்வதிலும் நாட்டம் உண்டு. ரங்கநாதனுக்கு ஆறு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். பிறகு தாத்தாவின் பராமரிப்பில் வளர்ந்தான் சிறுவன்.

சீர்காழியில் உள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தான். அவனுக்கு ஒரு குறை இருந்தது. பேசும்போது நா திக்கும். அப்படிப்பட்ட பிள்ளை வருங்காலத்தில் வகுப்பறையில் நின்று பாடம் சொல்லித் தருவான் என்று யார் நினைத்திருப்பார்கள்? ஆனால், அதுதான் நடந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கினார். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். மங்களூர், கோவை என்று வேலை பார்த்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்குக் கணித ஆசிரியராக வந்து சேர்ந்தார். வகுப்பறை என்றால் அவருக்கு உயிர். (எனக்கும்தான். ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி மணி கேட்டால் கை தானாகச் சாக்பீஸைத் தேடுகிறது!)

1924ல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு ஒரு நூலகரைத் தேடியது. சுமார் 900 பேர் விண்ணப்பம் போட்டார்களாம். நூலகப் பயிற்சி பெற்றவர் அதில் ஒருவர்கூட இல்லை. சம்பளம் கூடுதல் என்று நண்பர்கள் தூண்டியதால் ரங்கநாதனும் போட்டு வைத்தார். நேர்முகத் தேர்வுக்கு முன்பு கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையை ஒருமுறை படித்துக்கொண்டார். அவ்வளவுதான் தயாரிப்பு! வேலை கிடைத்துவிட்டது.

வேலைக்குப் போன பிறகுதான் சோதனை. பெரிய கூடம், புத்தகங்கள், இவர். பேச ஆளில்லை, கேள்வி கேட்க மாணவர் இல்லை. அந்தத் தனிமை தாங்காமல் சில நாட்களிலேயே மாநிலக் கல்லூரிக்கு ஓடி, பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம் என்று பேசி அனுப்பினார்கள்.

லண்டனில் சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் பாடம் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, தொழிலாளிகளுக்கு வாசிப்பு அறை! நம் ஊரில் நூலகம் என்றால் புத்தகத்தைப் பூட்டிக் காக்கும் இடம். அங்கோ புத்தகத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கும் இடம். ரங்கநாதனின் மனம் மாறிவிட்டது. ஆனால், ஒன்று மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போது பல நூலகங்கள் அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876ல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றின. அறிவு முழுவதையும் பத்துப் பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரிக்கும் முறை அது. நல்ல முறைதான். ஆனால், தஞ்சாவூர்ப் பக்கம் நெற்பயிருக்கு வரும் நோய்களும் மருந்தும் என்று ஒரு புத்தகம் வந்தால் எந்தப் பெட்டியில் போடுவது? நெல்லிலா, நோயிலா, ஊரிலா? ஒரு பெட்டியில் போட்டால் மற்ற வழியில் தேடி வருபவருக்கு அது கிடைக்காதே!

விடை எங்கே கிடைத்தது தெரியுமா? பொம்மைக் கடையில்! லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் 'மெக்கானோ' விளையாட்டுச் சாமானை அவர் பார்த்தார். ஓட்டை போட்ட தகரப் பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒருமுறை பாலம், இன்னொரு முறை வண்டி. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பப் பூட்டினால் என்ன? பட்டைகளை இணைக்கும் திருகாணி போல, துண்டுகளை இணைக்க முக்காற்புள்ளியை வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அதற்குக் 'கோலன்' என்று பெயர். அதனால் அவர் முறைக்குக் 'கோலன் பகுப்பு முறை' என்றே பெயர் வந்தது. 1925ல் ஊர் திரும்பும்போது கப்பலில் இருந்த புத்தகங்களை எல்லாம் இந்த முறைப்படி வகைப்படுத்திப் பார்த்தாராம். அந்த முறை 1933ல் நூலாக வெளிவந்தது. மாநிலக் கல்லூரிக்குத் திரும்பும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

பிற்காலத்தில் அந்தத் துண்டுகளை ஐந்து வகையாக்கினார். மூலப்பொருள் என்ற ஒன்றை விட்டுவிட்டு மற்ற நான்கை நெல் புத்தகத்தில் பார்ப்போம். எதைப் பற்றியது? நெல். அதில் என்ன நடக்கிறது? நோயும் சிகிச்சையும். எங்கே? தஞ்சாவூரில். எப்போது? இந்த ஆண்டில். ஒவ்வொரு விடைக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ உண்டு. வேளாண்மைக்கு 'ஜே', மருத்துவத்துக்கு 'எல்', இந்தியாவுக்கு 44. எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் அதுதான் புத்தகத்தின் முகவரி!

உங்களில் சிலர் பள்ளியில் 'பைத்தான்' என்ற கணினி மொழியைப் படிப்பீர்கள். அதில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்த 'சார்ட்டட்' என்றும், வேண்டியதை மட்டும் சலித்து எடுக்க 'ஃபில்டர்' என்றும் கட்டளைகள் உண்டு. வரிசைப்படுத்தினால் எதுவும் குறையாது, இடம்தான் மாறும். சலித்தால் வேண்டாதது விலகி நிற்கும். இரண்டுக்கும் முதலில் ஒரு கேள்வி வேண்டும்: எதை வைத்து? ரங்கநாதன் புத்தகங்களைப் பார்த்துக் கேட்டதும் இதே கேள்விதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விடைத்தாள் கட்டு வரும்போது நான் முதலில் பதிவெண் வரிசையில் அடுக்குவேன். பிறகு அதையே மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஏ பிரிவு, பி பிரிவு என்று பிரித்து வைப்பேன். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பதிவெண் வரிசை குலையாமல் இருக்கும். பைத்தானும் வரிசைப்படுத்தும்போது இப்படித்தான், முந்தைய வரிசையைக் குலைக்காது. முதலில் பிரிவு, பிறகு பதிவெண் என்று தலைகீழாகச் செய்து பாருங்கள். பிரிவுகள் கலந்துவிடும்!

இணையக் கடையில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், விலை என்று தட்டித் தட்டிச் சலிக்கிறோம் அல்லவா? அப்படிப்பட்ட ஒவ்வொரு கூறையும் கணினிக்காரர்கள் 'ஃபேசட்' என்பார்கள். அந்தச் சொல் ரங்கநாதனின் நூலகத் துறையிலிருந்து போனதுதான்.

சரி, கதைக்கு வருவோம். சென்னை நூலகத்தில் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்து விட்டார். 1931ல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தவே என்பது முதல் விதியின் சாரம். வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதும் அதில் ஒன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் உழைத்தார். கல்யாண நாளன்றுகூடப் பிற்பகலில் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று சொல்வார்கள். (வீட்டில் என்ன சொன்னார்களோ!)

நூலகத்துக்கு வர முடியாத கிராமத்து மக்கள் என்ன செய்வார்கள்? அதே 1931ல் நம் மன்னார்குடிப் பக்கம் கனகசபை பிள்ளை என்ற ஓய்வு பெற்ற பொறியாளர், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினார். நெல் மூட்டை ஏற்றிப் போகும் வண்டிப் பாதையில் புத்தக வண்டி போனது!

பிறகு ரங்கநாதன் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் புத்தகங்களைத் தனி ஆளாகவே வகைப்படுத்தினார். டில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, நூலக இயல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்த, சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அந்தப் பதவிக்கு மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்தது. 1957ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1962ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். கணிதத்தையும் மறக்கவில்லை, கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜனைப் பற்றி 1967ல் ஒரு நூல் எழுதினார். 1972ம் ஆண்டு செப்டம்பர் 27ம் தேதி, எண்பது வயதில் பெங்களூரில் காலமானார்.

நூலகங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்தார். சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே, 1948ல், சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. ஊர் நூலகங்களுக்குப் பணம் திரட்ட, வீட்டு வரியோடு ஒரு சிறு தொகையையும் சேர்த்து வாங்க அதில் வழி செய்தார்கள். அப்பாவிடம் வீட்டு வரி ரசீதை வாங்கிப் பாருங்கள். 'நூலக வரி' என்று அதில் இருக்கும்.