டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல்: அவர் பட்ட பாடும் நம் வண்டிக்கான பாடமும்

தியாகதுருகம் வட்டாரத்தில் கிணறு தூர் வாரும் கிரேன், ஜேசிபி, கரும்பு ஏற்றும் லோடர் என்று பாரம் தூக்கும் வண்டிகள் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகின்றன. டீசல் என்றால் எண்ணெயின் பெயர் என்று நினைத்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், டேங்க் முதல் நாசில் வரை ஏன் சுத்தம் பார்க்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தை தோல் பொருட்கள் செய்யும் கைவினைஞர். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. 12 வயதுப் பையனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நன்றாகப் படித்து, மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1880-ல் தேர்ச்சி பெற்றார்.

அந்தக் காலத்து நீராவி எஞ்சின், எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்கியது. பத்துப் பங்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறியது. இது டீசலின் மனதை உறுத்தியது. முதலில் அம்மோனியா ஆவியில் ஓடும் எஞ்சினைச் செய்து பார்த்தார். அது வெடித்து, பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார்.

பிறகுதான் புது வழி பிடிபட்டது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே பல மடங்கு அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பிளக்கும் வேண்டாம், தீப்பொறியும் வேண்டாம். 1892-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், மறு ஆண்டு கிடைத்தது.

1893 ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை. எஞ்சினில் மாட்டியிருந்த அளவு காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரியில் எஞ்சின் தன் பலத்தில் ஒரு நிமிடம் ஓடியது. அந்த ஒரு நிமிடத்தை நாள் முழுக்க ஓடும் எஞ்சினாக மாற்ற மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1897 சோதனையில், எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதம் வேலையாக மாறியது. நீராவி எஞ்சினை அது வெகுவாக மிஞ்சிவிட்டது.

இத்தனை ஆண்டுகள் அவரைப் பாடாய்ப்படுத்தியதில் முக்கியமானது எரிபொருளை உள்ளே செலுத்தும் வேலை. கொதிக்கும் காற்றுக்குள், சரியான நொடியில், சரியான அளவில், பனிபோல் தூவ வேண்டும். அவர் அதை அழுத்தக் காற்றால் ஊதிச் செய்தார். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும் என்பதால் எஞ்சின் கனமாகவே இருந்தது. 1927-ல் ராபர்ட் போஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைப் பெருமளவில் தயாரித்த பிறகுதான் டீசல் எஞ்சின் லாரி, டிராக்டர்களில் பரவலாக ஏறியது.

உங்கள் வண்டியில் உள்ள பம்ப்பும் நாசிலும் செய்வது இதே வேலையைத்தான். பம்ப்புக்குள் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாத தூசும் அங்கே அரம்போல் ராவும். தண்ணீர் புகுந்தால் துருப்பிடிக்கும். காற்று புகுந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். கிணற்றுக்குள் ஆட்கள் இருக்க, சேறு நிரம்பிய பக்கெட் பாதி வழியில் வரும்போது எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் செய்யுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். கிரேன் என்றால், ஆட்களைக் கிணற்றில் இறக்கும் முன் வெறும் பாரத்தைச் சிலமுறை தூக்கி இறக்கி, எஞ்சின் திணறுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

டேங்கை மாலையிலேயே நிரப்பிவிடுங்கள். காலி டேங்கில் இரவுக் குளிருக்கு நீர்த்துளி கோத்துக்கொள்ளும். டீசலை மருந்து கேனிலோ துத்தநாகம் பூசிய டிரம்மிலோ வைக்காதீர்கள். டிரம்மை ஒரு நாள் அசைக்காமல் வைத்து, அடிமண்டியை விட்டு மேலாக எடுத்து, வலை வைத்த புனலில் ஊற்றுங்கள்.

ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன மணி நேரத்துக்கு மாற்றுங்கள். கழுவித் திரும்பப் போட வேண்டாம். மாற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்துங்கள். மாற்றிய பிறகு காற்று வெளியேறும் திருகைத் தளர்த்தி, கை பம்ப்பை அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். காமன் ரெயில் உள்ள புது வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது எந்தக் குழாயையும் தளர்த்தக் கூடாது. நாசில் பீய்ச்சுவதைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரும்புகை தொடர்ந்து வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு நாசில். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம் அல்லது நாசில் ஒழுகலாம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

நம் பக்கத்து மல்லாட்டைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை மல்லாட்டை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டு என்று டீசலும் நம்பினார். அதற்காக இன்றைய வண்டியில் கடலை எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். அது கெட்டியானது, நாசிலை அடைத்துவிடும். மண்ணெண்ணெய் கலப்பதும் தவறு. பம்ப்புக்கு வழுவழுப்பு தருவதே டீசல்தான், அது குறைந்தால் பம்ப் தேய்ந்துவிடும்.

எஞ்சினால் பெரும் பணம் பார்த்த டீசல், கடைசிக் காலத்தில் கடனிலும் உடல்நலக் குறைவிலும் தவித்தார். 1913 செப்டம்பர் 29 அன்று பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மறுநாள் காலை அவர் அறை காலியாக இருந்தது. சில நாள் கழித்துக் கடலில் ஒரு உடல் கிடைத்தது. அதிலிருந்த பொருட்களை வைத்து அவர்தான் என்று மகன் அடையாளம் சொன்னார். வயது 55. எப்படி இறந்தார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

டிராக்டரும் லாரியும் தன் எஞ்சினில் ஊர் ஊராக ஓடுவதை அவர் பார்க்கவில்லை. அந்த எஞ்சினை நம்பித்தான் நம் கிணற்றில் ஆள் இறங்குகிறார். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் ஃபில்டர் திருகைத் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால், தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு, டேங்கையும் டிரம்மையும் சோதித்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.