பிளேடு மனிதர் கிங் ஜில்லெட்



தலைப்பைப் பார்த்ததும் இவ பிளேடு போடப் போறான்னு ஓடிடாதீங்க. நிஜமாவே நான் பிளேடு பற்றித்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்க.

பென்சில் சீவ, தையல் பிரிக்க, நகம் வெட்ட, முகச்சவரம் செய்ய என்று நம்ம வீடுகளில் ஒரு பிளேடாவது எங்கேயாவது இருக்கும். பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்கே கிடைக்கும். அதனால் அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் இந்த மெல்லிய தகட்டைச் செய்யவே முடியாது என்று பெரிய பெரிய இன்ஜினியர்கள் கைவிரித்த காலம் ஒன்று உண்டு. அதைக் கேட்ட பிறகும் ஆறு வருஷம் விடாமல் அலைந்தவர்தான் கிங் கேம்ப் ஜில்லெட். கிங் என்பது பட்டம் இல்லை, அவருக்கு வைத்த பெயரே அதுதான்.

பிறப்பும் இளமையும்

ஜில்லெட் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாண்ட் டு லாக் என்ற ஊரில் 1855ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி பிறந்தார். பிறகு குடும்பம் சிகாகோ நகரத்துக்குக் குடிபோனது. அந்த வீட்டில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதும் புதிதாகச் செய்து பார்ப்பதும் பழக்கம். அவருடைய அம்மா 1887இல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். அது அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கியது.

1871இல் சிகாகோவில் பெரிய தீ விபத்து நடந்தது. நகரத்தின் நடுப்பகுதியே எரிந்து போனது. ஜில்லெட்டின் அப்பா நடத்திய வியாபாரமும் சாம்பலானது. அப்போது ஜில்லெட்டுக்கு 16 வயது. நம்ம பள்ளி அண்ணன்மார் வயதுதான். மேலே படிக்க வழியில்லாமல் வேலைக்குப் போனார். பிறகு ஊர் ஊராகச் சரக்கு விற்கும் விற்பனையாளர் ஆனார். ரயிலில் போவார், லாட்ஜில் தங்குவார், மறுபடி ரயில். இப்படியே பல வருஷம் ஓடியது. இடையிடையே சின்னச் சின்னக் கண்டுபிடிப்புகள் செய்து காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அவற்றால் காசு வரவில்லை.

சோடா மூடி சொல்லித் தந்த பாடம்

பிறகு வில்லியம் பெயின்டர் என்பவரின் கம்பெனியில் சேர்ந்தார். கலர், சோடா பாட்டில்களில் நெளிநெளியாக ஒரு தகர மூடி இருக்குமே, அதைக் கண்டுபிடித்தவர் இந்தப் பெயின்டர்தான். ஒருமுறை திறந்தால் மூடி குப்பைக்குப் போய்விடும். அடுத்த பாட்டிலுக்கு அடுத்த மூடி வேண்டும். அதனால் கம்பெனிக்கு வியாபாரம் நிற்காது. இதே மாதிரி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பொருளாக ஒன்றை யோசிக்கும்படி ஜில்லெட்டுக்கு அவர் புத்தி சொன்னார்.

ஜில்லெட் அதைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிற பொருளை எல்லாம் இதைத் தூக்கிப் போடலாமா என்றே பார்ப்பாராம். ஆனாலும் நாலு வருஷமாக ஒன்றும் அகப்படவில்லை.

1895இல் ஒரு நாள் காலை. பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் புரூக்லைன் என்ற ஊரில் இருந்தார். வயது 40. சவரம் செய்ய கத்தியை எடுத்தார். அது மழுங்கிக் கிடந்தது. அந்தக் காலத்துச் சவரக்கத்தி முதுகு தடித்து, வாய் மெலிந்து இருக்கும். தினமும் தோல் வாரில் தீட்ட வேண்டும். அதற்கும் அடங்காமல் போனால் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்து வாங்க வேண்டும். கையில் கத்தியோடு நின்ற ஜில்லெட்டுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. சவரம் செய்வது கத்தியின் ஓரம் மட்டும்தான். பின்னே எதற்கு அவ்வளவு இரும்பு? ஒரு மெல்லிய எஃகுத் தகட்டின் இரண்டு ஓரத்தையும் கூராக்கி, ஒரு பிடியில் மாட்டினால் போதுமே! மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டலாமே! ஊருக்குப் போயிருந்த மனைவிக்கு நமக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்கிற மாதிரி உடனே கடிதம் எழுதிவிட்டார்.

(பாதுகாப்பான ரேசர் அவருக்கு முன்பே இருந்தது. காம்ஃப் சகோதரர்கள் 1880இலேயே ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் அதிலும் தடித்த அலகுதான். அதையும் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.)

தப்பாகப் போன கணக்கு

அன்றைக்கே கடைக்குப் போய்ப் பித்தளைத் துண்டுகள், கடிகார ஸ்பிரிங் செய்கிற எஃகு நாடா, சின்னக் கைப்பிடிப்பு, அரம் எல்லாம் வாங்கி வந்து மாதிரி செய்தார். கணக்கும் போட்டார். ஒரு பவுண்டு எஃகு நாடா 16 சென்ட். ஒரு பவுண்டில் 500 பிளேடு வரும். நானும் வகுத்துப் பார்த்தேன், ஒரு சென்ட்டுக்கு 31 பிளேடு! அதனால் நாளைக்கே பணக்காரர் ஆகிவிடலாம் என்று நினைத்தார்.

கணக்கு சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். எஃகுக்கு விலை போட்டாரே தவிர, கூருக்கு விலை போடவில்லை.

கத்திப் பட்டறைகளுக்குப் போனார். மெஷின் பட்டறைகளுக்குப் போனார். பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்லூரிக்காரர்களிடமும் கேட்டார். எல்லாரும் ஒரே மாதிரி, முடியாத காரியம், விட்டுவிடும் என்றார்கள். இப்படியே ஆறு வருஷம் போனது. நண்பர்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பிளேடைச் சொல்லிக் கேலி செய்தார்கள். தான் இன்ஜினியரிங் படித்திருந்தால் அப்போதே விட்டிருப்பேன் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

ஏன் முடியாது என்றார்கள்?

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

முதலாவது, பதம். எஃகை நெருப்பில் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால்தான் அது கெட்டிப்படும். கெட்டியான எஃகில்தான் கூர் நிற்கும். தடித்த கத்தி அதைத் தாங்கும். ஆனால் ஜில்லெட் கேட்டது சுமார் 0.15 மில்லிமீட்டர் தகடு. இரண்டு தலைமுடி கனம்தான் இருக்கும். அதைக் காய்ச்சிக் குளிர வைத்தால் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

இரண்டாவது, சாணை. தெருவில் சாணை பிடிக்கிற தாத்தா வரும்போது பார்த்திருப்பீர்கள். அருவாமணையை நல்லா அழுத்திப் பிடித்துச் சக்கரத்தில் காட்டுவார். தீப்பொறி பறக்கும். அருவாமணை தடித்தது, அதனால் அசையாமல் நிற்கும். பிளேடை அப்படிக் காட்டினால் வளைந்து கொடுத்துவிடும். ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் தேயும். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் சரிந்து நடுவில் சந்தித்தால்தான் கூர் வரும்.

மூன்றாவது, சூடு. தீப்பொறி பறக்கிறது என்றால் அங்கே அவ்வளவு உராய்வு இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய ஓரம் சீக்கிரம் சூடேறிவிடும். சூடேறினால் கஷ்டப்பட்டு ஏற்றிய பதம் இறங்கிவிடும். பார்க்கக் கூராக இருந்தாலும் இரண்டே நாளில் மழுங்கிவிடும்.

வந்தார் நிக்கர்சன்

1901இல் வில்லியம் எமரி நிக்கர்சன் என்பவரிடம் நண்பர்கள் இந்த விஷயத்தைக் கொண்டுபோனார்கள். அவர் 1853இல் பிறந்தவர். முடியாது என்று சொன்ன அதே எம்.ஐ.டி.யில் படித்தவர். லிஃப்ட்டுக்குப் பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் செய்து பழகியவர். அவரும் முதலில் தயங்கினார். யோசிக்க ஒரு மாதம் போல நேரம் கேட்டார். பிறகு முடியும் என்றார். ஆனால் இதற்கென்றே புது மெஷின்கள் செய்தாக வேண்டும், கையால் ஆகாது என்றும் சொன்னார். அதற்கு 5,000 டாலர் திரட்டி 1901 செப்டம்பரில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள்.

நிக்கர்சன் பிளேடைப் பற்றி யோசிக்கவில்லை. பிளேடைப் பிடித்துக்கொள்கிற பிடியைப் பற்றி யோசித்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தகடு நெளிகிறதா? நெளிய இடம் கொடுக்காமல் தட்டையாக அழுத்திப் பிடித்துக்கொண்டே பதமேற்ற வேண்டும். சாணைச் சக்கரத்தில் வளைகிறதா? ஓரத்தை மட்டும் ஒரு மயிரிழை வெளியே நீட்டிவிட்டு மற்றதை எல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது மெல்லிய தகடும் தடித்த கத்தி மாதிரி நிற்கும். மனிதன் கை நடுங்கும், மெஷின் நடுங்காது. ஒரே கோணத்தில் ஆயிரம் தடவை காட்டும்.

பிளேடு தீட்டுகிற வேலை படிப்படியாக நடக்கும். முதலில் சொரசொரப்பான சக்கரம் சரிவை உண்டாக்கும். அடுத்து நைசான சக்கரம் அந்தச் சரிவைச் சீராக்கும். சூடு ஏறாமல் இருக்க மேலே திரவம் ஊற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஓரத்தில் நிற்கிற பிசிறைத் தோல் சக்கரம் துடைத்து எடுக்கும். இன்றைக்கும் பிளேடு ஆலைகளில் இதே வரிசைதான். ஆனால் தனித்தனியாக இல்லாமல், நீளமான எஃகு நாடாவாகவே ஓடிக்கொண்டு தீட்டப்படுகிறது. இன்றைய பிளேடின் கூர் முனை ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கைவிடக் குறைவு.

ரேசருக்கும் நிக்கர்சன் ஒரு யோசனை சொன்னார். பிடி கனமாக, உறுதியாக இருந்தால்தான் பிளேடு அசையாது என்றார். ஜில்லெட் ரேசரில் மாட்டித் திருகினால் பிளேடு லேசாக வளைந்து உட்காரும். ஏன் வளைக்கணும்? ஒரு தாளை ஓரத்தில் பிடித்துப் பாருங்க, தொங்கும். லேசாக நடுவில் குழிய வைத்துப் பிடித்துப் பாருங்க, விறைப்பாக நிற்கும். அதே தத்துவம்தான்.

51இல் இருந்து லட்சம் வரை

கம்பெனிக்கு 1902இல் ஜில்லெட் பெயரையே வைத்தார்கள். நிக்கர்சன் பெயரை வைக்க முடியாது. ஏனென்றால் ஆங்கிலத்தில் நிக் என்றால் சின்ன வெட்டுக்காயம். சவரக்கத்திக்கு அந்தப் பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள்!

மெஷின் செய்யவே பணம் எல்லாம் கரைந்து கம்பெனி கடனில் விழுந்தது. மூடிவிடுகிற நிலைமை. ஜான் ஜாய்ஸ் என்ற வியாபாரி பணம் போட்டுக் காப்பாற்றினார். பாஸ்டன் துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன்கடைக்கு மேல் மாடியில் வேலை நடந்தது.

1903இல் விற்பனை ஆரம்பமானது. அந்த வருஷம் முழுக்க விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அவ்வளவுதான். அடுத்த வருஷம் 1904இல் 90,000 ரேசருக்கு மேல் விற்றது. அதே வருஷம் நவம்பர் 15ஆம் தேதி காப்புரிமையும் கிடைத்தது. ஒரு ரேசரும் 20 பிளேடும் சேர்ந்து 5 டாலர். பிறகு 20 பிளேடு 1 டாலர், அதாவது ஒரு பிளேடு 5 சென்ட். முதலில் ஜில்லெட் போட்ட எஃகு கணக்கைப் போல இது சுமார் 155 மடங்கு! பதமும், சாணையும், மெஷினும், விளம்பரமும், லாபமும் எல்லாம் அதற்குள் அடக்கம்.

முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்களையும் 3 கோடிக்கு மேல் பிளேடுகளையும் வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். பிளேடு உறையில் மீசை வைத்த ஜில்லெட்டின் படம் இருக்கும். அதனால் அவர் முகம் உலகத்துக்கே தெரிந்தது. நிக்கர்சன் முகம் யாருக்கும் தெரியவில்லை.

கடைசிக் காலம்

ஜில்லெட்டுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. போட்டி வியாபாரமே இல்லாமல் எல்லாரும் சமமாக வாழணும், நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தில் ஒரே பெரிய நகரம் கட்டணும் என்று 1894இலேயே ஒரு புத்தகம் எழுதினார். போட்டி வேண்டாம் என்று எழுதியவர் போட்டியில் ஜெயித்துப் பெரிய முதலாளி ஆனது விநோதம்தான்.

1929இல் அமெரிக்காவில் பங்குச்சந்தை சரிந்தது. ஜில்லெட்டின் சொத்தில் பெரும்பகுதி போனது. 1930இல் நிக்கர்சன் இறந்தார். 1932 ஜூலை 9ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஜில்லெட் காலமானார். அப்போது அவருக்கு வயது 77.

நான் நினைப்பது

ஜில்லெட்டுக்கு மெஷின் தெரியாது. ஆனால் ஆறு வருஷம் கேலியைத் தாங்கிக்கொண்டு யோசனையை உயிரோடு வைத்திருந்தார். நிக்கர்சனுக்கு அந்த யோசனை தோன்றவில்லை. ஆனால் முடியாது என்ற சொல்லை மூன்று சின்னக் கேள்வியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் செய்தார். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் பிளேடு இல்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எந்தப் பக்கம் அடிக்கணும் என்று காட்ட ஒருத்தரும் கூட வேண்டும் போல.

கடைசியாக ஒன்று. தூக்கிப் போடுகிற பொருளை ஜில்லெட் கண்டுபிடித்தார் என்பதற்காகப் பழைய பிளேடைக் கண்ட இடத்தில் தூக்கிப் போடாதீங்க. வெறுங்காலோடு நடக்கிறவர்கள் நம்ம ஊரில் நிறைய. குப்பை அள்ளுகிற அக்காக்களின் கையும் இருக்கிறது. ஒரு பழைய டப்பாவில் சேர்த்து, மூடி, பிறகு போடுங்க.

நான் போட்ட பிளேடு அறுக்கவில்லை என்று நம்புகிறேன்!

ஒன்பதாம் வகுப்பு மாணவி