வெப்பத்தைக் கோடுகளாக வரைந்தவர்

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் அமைந்துள்ளது. பெரு நாட்டின் தலைநகரான லிமா, தெற்கே ஏறத்தாழ 12 பாகையில் அமைந்துள்ளது. இரண்டும் கடற்கரை நகரங்கள். இரண்டும் வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. ஆயினும், சென்னையில் ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக மழை பெய்கிறது. லிமாவிலோ குடை பிடிக்க வேண்டிய நாள் வருவதே அரிது. சூரியன் இரண்டு நகரங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெப்பம் தருகிறது என்றால், இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடி மலைகளிலும் ஆறுகளிலும் அலைந்தவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். தட்பவெப்ப மண்டலங்கள் குறித்த இன்றைய புரிதலுக்கு அடித்தளமிட்டவர்களில் அவர் முதன்மையானவர். அந்தத் தட்பவெப்பத்தை மனிதனால் மாற்றிவிட முடியும் என்று மிக முன்னதாகவே எச்சரித்தவர்களில் ஒருவரும் அவரே.

1769 செப்டம்பர் 14-இல் பெர்லினில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். மொழியியல் அறிஞராகவும், பெர்லின் பல்கலைக்கழகத்தை நிறுவியவராகவும் பின்னாளில் புகழ்பெற்ற வில்ஹெல்ம், இவருடைய மூத்த சகோதரர். மகன் அரசுப் பணியில் அமர வேண்டும் என்பது தாயின் விருப்பம். அதன்படி ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியில் பயின்று, பிரஷ்ய அரசின் சுரங்க ஆய்வாளரானார். அங்கும் தொழிலாளர்களுக்குத் தம் சொந்தச் செலவில் பள்ளி தொடங்கினார்; நச்சுக்காற்று நிறைந்த சுரங்கங்களில் பயன்படும் விளக்கையும் சுவாசக் கருவியையும் வடிவமைத்தார்.

1796-இல் தாய் மறைந்தபோது பெரும் சொத்து அவர் கைக்கு வந்தது. உடனே வேலையைத் துறந்தார். ஸ்பெயின் மன்னரிடம் அனுமதி பெற்று, தாவரவியலாளர் எய்மே போன்ப்லானுடன் 1799-இல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வெப்பமானி, காற்றழுத்தமானி, தொலைநோக்கி எனப் பல கருவிகள் அவருடன் சென்றன. கண்டதை வியப்பதோடு நில்லாமல், கண்ட இடத்திலேயே அளந்து குறித்துக்கொள்வது அவருடைய வழக்கம்.

1800-இன் தொடக்கத்தில், இன்றைய வெனிசுலாவிலுள்ள வலென்சியா ஏரியை அடைந்தார். ஏரியின் நீர்மட்டம் ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டிருந்தது. அடியில் ஏதோ சுரங்கவழி வழியாக நீர் வெளியேறுவதாக அங்குள்ளவர்கள் நம்பினர். ஹம்போல்ட் சுற்றுப்புறம் முழுவதையும் ஆராய்ந்தார். அவுரி, கரும்பு, பருத்தி பயிரிடுவதற்காக மலைச்சரிவுகளில் மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. மரங்கள் போனதால் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கவில்லை, ஊற்றுகள் வற்றின, பெருமழை பெய்தால் வெள்ளம் மண்ணை அரித்துச் சென்றது. ஏரிக்கு வந்துசேர வேண்டிய ஓடைகள் பாசனத்துக்காகத் திருப்பப்பட்டிருந்தன. சுரங்கவழி எதுவும் தேவைப்படவில்லை. மனிதர்களின் செயலே காரணம் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

பொருளியல் கற்பித்த எனக்கு இந்நிகழ்வில் மற்றொரு பாடம் தெரிகிறது. ஏரி பின்வாங்கிய இடத்தில் வளமான புதுநிலம் வெளிப்பட்டது. கரையிலிருந்த நில உடைமையாளர்கள் அதில் உடனே பயிர் செய்தனர். ஏரி சுருங்கச் சுருங்க அவர்களுடைய வரவு பெருகியது. வற்றிய ஊற்றும் அரிக்கப்பட்ட மண்ணும் யாருடைய கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை. அந்தச் செலவு வரும் தலைமுறைக்குத் தள்ளிவிடப்பட்டது. இதைத்தான் பின்னாளில் பொருளியலாளர்கள் புறச்செலவு என்று பெயரிட்டு அழைத்தனர்.

மண்ணைச் சுரண்டிய அதே பொருளாதாரம் மனிதர்களையும் சுரண்டியதை ஹம்போல்ட் கவனிக்கத் தவறவில்லை. குமானா நகரில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு எதிரிலேயே அடிமைச் சந்தை நடந்தது. அடிமை முறையை அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். கியூபா பற்றிய அவருடைய நூலை 1856-இல் அமெரிக்காவில் மொழிபெயர்த்தவர், அடிமை முறையைக் கண்டித்த பகுதியை நீக்கிவிட்டு வெளியிட்டார். 86 வயதிலும் ஹம்போல்ட் பத்திரிகைகள் வாயிலாக அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்.

1802 ஜூன் 23-இல் இன்றைய ஈக்வடாரிலுள்ள சிம்போராசோ மலையில் ஏறினார். உலகிலேயே உயர்ந்த மலை என்று அன்று கருதப்பட்ட சிகரம் அது. ஏறத்தாழ 5,900 மீட்டர் உயரத்தில் பெரும் பிளவு ஒன்று வழிமறித்ததால் உச்சியை எட்ட முடியவில்லை. ஆனால், ஆண்டீஸ் மலைகளில் ஏறி இறங்கியபோது ஓர் உண்மை அவருக்குத் தெளிவானது. அடிவாரத்தில் வெப்பமண்டலத் தாவரங்கள், அதற்கு மேலே மிதவெப்பப் பகுதியின் மரங்கள், அதற்கும் மேலே புல்வெளி, பின்னர் பாசி, இறுதியில் பனி. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை பயணம் செய்தால் காணக்கூடிய மண்டலங்களை ஒரே மலை அடுக்கிக் காட்டியது. அதை அவர் ஒரே ஓவியமாக வரைந்து வெளியிட்டார்.

அதே ஆண்டில் பெருவின் கடலோரத்தில் நீரின் வெப்பத்தை அளந்தார். வெப்பமண்டலக் கடலுக்குப் பொருந்தாத குளிர்ச்சி அதில் இருந்தது. லிமாவின் வறட்சிக்கான விடை இங்கேதான் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் கரையோரக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று மேலெழுந்து மழைமேகமாவதில்லை. அந்த நீரோட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியபோது, மீனவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்ததைத் தாம் அளந்து மட்டுமே பார்த்ததாகக் கூறி அப்பெருமையை மறுத்தார்.

1804-இல் ஐரோப்பா திரும்பியவர், திரட்டிய அளவுகளை ஆராய்வதிலும் நூல்களாக வெளியிடுவதிலும் பல ஆண்டுகள் செலவிட்டார். 1817-இல் சமவெப்பக் கோடுகளை அறிமுகப்படுத்தினார். ஒரே சராசரி வெப்பமுடைய இடங்களை இணைக்கும் கோடுகள் அவை. அக்கோடுகள் அட்சரேகைகளுக்கு இணையாகச் செல்லாமல் வளைந்து நெளிந்து சென்றன. ஐரோப்பாவின் மேற்குக் கரை, அதே அட்சரேகையிலுள்ள வட அமெரிக்காவின் கிழக்குக் கரையைவிட வெப்பமாக இருப்பதை அவை புலப்படுத்தின. சூரியனின் சாய்வு மட்டுமன்றி, உயரம், கடலின் அண்மை, நீரோட்டம், காற்றின் திசை, மலைத்தொடர்களின் கிடப்பு, காடுகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஓரிடத்தின் தட்பவெப்பத்தை வகுக்கின்றன என்பது தெளிவாயிற்று. விளாதிமிர் கோப்பன் பின்னர் உலகத் தட்பவெப்ப மண்டலங்களை வகைப்படுத்தியதற்கும் இச்சிந்தனை வழியமைத்தது.

இமயமலையை ஆண்டீஸுடன் ஒப்பிட்டு ஆராய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. அதற்காக லண்டன் சென்று முயன்றும் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி கிடைக்கவில்லை. ஸ்பானிய ஆட்சியை விமர்சித்து எழுதியவரை இந்தியாவில் உலவவிட கம்பெனி அஞ்சியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மாறாக, ரஷியப் பேரரசின் அழைப்பு வந்தது. அங்குள்ள சமூக நிலை பற்றி எழுதக்கூடாது என்பது நிபந்தனை. அதற்கு உடன்பட்டு, 1829-இல் ஏறத்தாழ அறுபது வயதில் 15,000 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தார்.

அப்பயணத்தின் பயனாக 1843-இல் வெளிவந்த மத்திய ஆசியா பற்றிய நூலில், மனிதன் தட்பவெப்பத்தை மாற்றும் வழிகளாக மூன்றைக் குறிப்பிட்டார். காடுகளை அழித்தல், நீரின் போக்கை மாற்றுதல், தொழில் மையங்களில் பெருமளவில் நீராவியையும் வாயுக்களையும் வெளியேற்றுதல். கரியமில வாயு வெப்பத்தைத் தக்கவைக்கும் என்பது அன்று அவருக்குத் தெரியாது. ஆயினும், அவர் பட்டியலின் மூன்றாவது வரி இன்று முதல் இடத்துக்கு வந்துவிட்டது.

பரம்பரைச் சொத்து முழுவதையும் பயணத்திலும் நூல் வெளியீட்டிலும் கரைத்துவிட்டு, அரசர் அளித்த ஊதியத்தை நம்பி வாழ்ந்த அவர், 1859 மே 6-இல் 89-ஆவது வயதில் மறைந்தார். அதே ஆண்டில், வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சும் திறனை லண்டன் ஆய்வகத்தில் ஜான் டிண்டல் அளக்கத் தொடங்கினார். 1896-இல் ஸ்வீடன் அறிஞர் அர்ரேனியஸ், கரியமில வாயு பெருகினால் புவியின் வெப்பம் எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டார். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

2012-இல் ஆய்வாளர்கள் சிம்போராசோவுக்கு மீண்டும் சென்றனர். ஹம்போல்ட் குறித்த உயரங்களைவிட மேலே தாவரங்கள் நகர்ந்திருப்பதைக் கண்டனர். எத்தனை மீட்டர் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. மேல்நோக்கித்தான் என்பதில் ஐயமில்லை. மலையடிவாரத்தில் வாழும் உயிர்கள் மேலே ஏறலாம். உச்சியில் வாழ்பவை எங்கே செல்லும்?

வலென்சியா ஏரிக்கரையில் எழுதப்பட்ட அதே கணக்கைத்தான் இன்று உலகம் முழுவதும் எழுதிக்கொண்டிருக்கிறோம். வரவு சிலருடையது, செலவு, புகையைக் குறைவாகவே வெளியிட்ட கடலோர மீனவர்களுக்கும் மானாவாரி உழவர்களுக்கும் இன்னும் பிறவாதவர்களுக்கும் சேர்கிறது. அந்தச் செலவை, ஆதாயம் பெறுவோரின் கணக்கில் எழுதும் வரிகளையும் சட்டங்களையும் இயற்றுவது நம் காலத்து அரசுகளின் கடமை.