தெலுங்கு யாப்பில் கிறிஸ்துவைப் பாடிய ஜாஷுவா

ஹைதராபாத்: ஹைதராபாதில் உசேன் சாகர் ஏரிக்கரையை ஒட்டிய சாலையில், என்.டி. ராமராவ் ஆந்திர முதல்வராக இருந்த 1980-களில் தெலுங்குப் பெரியோர் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சிலைகள் எழுப்பப்பட்டன. நன்னயரும் வேமனரும் நிற்கும் அவ்வரிசையில் இடம் பெற்றவர் கவிஞர் குர்ரம் ஜாஷுவா. விவிலியம் கூறும் இயேசுவின் வாழ்வை மரபுக் காவியமாக்கி, அதற்காக 1964-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற தலித் கவிஞர் இவர்.

1895 செப்டம்பர் 28-இல் வினுகொண்டாவில் பிறந்தார். தந்தை யாதவர், தாய் மாதிகா வகுப்பினர். குடும்பம் கிறிஸ்தவம் தழுவியிருந்தது. ஆயினும் தீண்டாமை அவரை விடவில்லை. கவி அரங்குகளில் சாதியைச் சொல்லி அவமதிக்கப்பட்டார். சம்ஸ்கிருதமும் புராணங்களும் கற்றதற்காகக் கிறிஸ்தவ சமூகத்தாரின் வெறுப்புக்கும் ஆளானார். இரு தரப்பும் ஒதுக்கிய நிலையில் கவிதையே அவருக்குப் புகலிடமாயிற்று.

வயிற்றுப் பிழைப்புக்காக ராஜமுந்திரியில் ஊமைப் படங்களுக்குக் கதை சொன்னார். குண்டூரில் லூதரன் சபையின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராகவும், பின்னர் தெலுங்குப் பண்டிதராகவும் பணியாற்றினார்.

1941-இல் வெளிவந்த "கப்பிலம்" அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. ஆலயத்துள் நுழைய இயலாத தீண்டப்படாதவன் ஒருவன், அங்கு தடையின்றிச் செல்லும் வௌவாலைச் சிவபெருமானிடம் தூது விடுவதே அதன் பொருள். காளிதாசரின் மேகதூதத்தை நினைவூட்டும் அமைப்பில் சமூக நீதிக் குரல் ஒலித்தது.

1957 முதல் 1959 வரை சென்னை வானொலி நிலையத்தில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தார். அக்காலத்தில், 1958-இல், வெளியானதே "கிறிஸ்து சரித்ர". தமிழில் வீரமாமுனிவரின் தேம்பாவணியும், எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் இதற்கு முன்னோடிகள் எனலாம். ஆனால் முனிவர் இத்தாலியர். கிருஷ்ணப்பிள்ளை வைணவ வேளாளர் குடியில் பிறந்து மதம் மாறியவர். ஜாஷுவாவோ, கல்வியே மறுக்கப்பட்டிருந்த சமூகத்திலிருந்து வந்தவர். பண்டிதர்களின் தனிச்சொத்தாகக் கருதப்பட்ட யாப்பைக் கைப்பற்றி, ஏழைகளோடு வாழ்ந்த தச்சர் மகனின் கதைக்கு அதை உரியதாக்கினார்.

அவரது புலமையை மதித்த மூத்த கவிஞர் செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி, தம் கையாலேயே அவரது காலில் வீரக்கழல் அணிவித்தார். தீண்டாமை வேரூன்றிய நாளில், பிராமணப் பெரியவர் ஒருவர் செய்த இச்செயல் ஆந்திர இலக்கிய உலகில் இன்றும் பேசப்படுகிறது.

1964-இல் ஆந்திர சட்ட மேலவை உறுப்பினராகி ஹைதராபாத் வந்தார். 1970-இல் மத்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1971 ஜூலை 24-இல் குண்டூரில் காலமானார். இவரது மகள் ஹேமலதா லவணம், பெண்களைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் ஜோகினி முறையை எதிர்த்துப் பாடுபட்டு 2008-இல் மறைந்தார்.

1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. சீக்கியர்களுக்கு 1956-இலும் பௌத்தர்களுக்கு 1990-இலும் அத்தகுதி விரிவாக்கப்பட்டது. மதம் மாறினால் சாதி போய்விடுமா என்பதே இவ்விவாதத்தின் மையக் கேள்வி. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தும் தீண்டாமைக்குத் தப்பாத ஜாஷுவாவின் வாழ்க்கை, அக்கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விடை கூறிவிட்டது.