சகோதரி சுப்பலட்சுமி

இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டி, மணி அடித்ததும் வகுப்பிற்கு ஓடிவரும் நாம், நூறாண்டுகளுக்கு முன் நம் வயதில் கைம்பெண்ணாகிவிட்ட சிறுமிகளின் நிலையை எண்ணிப் பார்த்ததுண்டா? முகங்கூட நினைவில் இல்லாத கணவன் இறந்துவிட்டால், தலைமுடியை மழித்து, வீட்டின் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அடுப்படிதான் அவர்களுக்கு உலகம்!

1886-ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்த சுப்பலட்சுமிக்கும் விளையாடும் வயதிலேயே மணமாயிற்று. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். ஆனால் தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் முடக்கவில்லை. ஊராரின் ஏச்சைப் பொருட்படுத்தாது படிக்க வைத்தார். அந்தத் தந்தையையும் நாம் மறக்கலாகாது.

எழும்பூர் பிரசன்டேஷன் கான்வென்டில் பயின்றபோது, அங்கிருந்த கன்னியரின் தன்னலமற்ற தொண்டு அவரது உள்ளத்தைக் கவர்ந்தது. தம் சமயத்தை விடாமலே, அவர்களைப் போல் வாழ உறுதி பூண்டார். ‘சகோதரி’ என்ற பெயர் அவருக்கு நிலைத்தது இதனால்தான். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே.

பட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. எழும்பூரில் தம் வீட்டிலேயே சில விதவைச் சிறுமியரைச் சேர்த்துக்கொண்டு கற்பித்தார். 1912-இல் சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. அக்காலத்தில் பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பது அரிது. மூலையில் கிடந்த சிறுமியர் படித்துத் தேறினால் அவர்களே அந்த ஆசிரியைகள் ஆகலாமே! கையில் சம்பளம் வந்தால் அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் அண்டிக் கிடக்க வேண்டியதில்லை. எவ்வளவு எளிய யோசனை!

அவரது இல்லம் பிராமண விதவையருக்கு மட்டுமே என்று தொடங்கியது நம் மனத்தை நெருடத்தான் செய்கிறது. வைதிகக் குடும்பங்கள் அப்படி இருந்தால்தான் பெண்களை அனுப்பின.

பின்னர் இல்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம் அது. 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சகோதரியே அதன் முதல்வரானார். வயது வந்த விதவையரும் படிக்க 1927-இல் சாரதா வித்தியாலயத்தை நிறுவினார்.

1958-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1969 டிசம்பரில் காலமானார். அதற்குள் அவரிடம் பயின்ற விதவையர் பலர் வகுப்பறைகளில் கரும்பலகை முன் நின்று, நம் பாட்டிமாரின் தலைமுறைக்கு எழுத்துக் கற்பித்துவிட்டிருந்தனர்.